தலைமைத்துவம் படித்தபோது எங்களுக்கு நேர்ந்தவை

இளங்கலையில் இதையே முதன்மைப் பாடமாகப் படித்தவர்:

இரண்டாம் ஆண்டில் ஒரு குழுத் திட்டப்பணி. ஐந்து பேர், பத்து வாரம். நான்தான் தலைவர். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது நான், அப்புறம் அது அப்படியே நிலைத்துவிட்டது. பத்து வாரமும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன். யாராவது தன் பகுதியைத் தாமதமாகத் தந்தால் ஒரு வார்த்தை கடிந்துகொள்ள மாட்டேன், நானே எழுதிவிடுவேன். வந்தது சுமாராக இருந்தால் இரவோடு இரவாகத் திருத்தி வைப்பேன். இவர்களுக்கு இதைவிட நல்ல தலைவர் கிடைக்க மாட்டார் என்று மனதார நம்பினேன்.

கடைசி வாரம் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு வினாப்படிவம் கொடுத்தார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகளை ஒட்டி அவர் தயாரித்தது. ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தது அந்த ஆய்வுகளின் பெரிய பங்களிப்பு. வந்த விடைகளைத் தொகுத்தபோது இரண்டு கூறுகள் திரண்டன. வேலையைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது ஒன்று. ஆட்கள்மேல் அக்கறை காட்டுவது இன்னொன்று. இரண்டும் தனித்தனி அளவுகள். ஒருவரிடம் இரண்டுமே நிறைய இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் போகலாம்.

எனக்கு நானே இரண்டிலும் நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டேன். மற்ற நால்வரும் பெயர் எழுதாமல் நிரப்பிக் கொடுத்தார்கள். ஒழுங்குபடுத்துவதில் எனக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். அக்கறையில் அடிமட்டம். படிவத்தின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "நாங்கள் எழுதியதை எங்களிடம் கேட்காமலே மாற்றிவிடுவார்."

கோபம்தான் வந்தது. இவர்களுக்காகத்தானே தூக்கம் கெட்டேன் என்று இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பாடத்துக்கு வாராவாரம் ஒரு சுயபதிவும் எழுதித் தர வேண்டும். அந்த வாரப் பதிவில், பிறரை நம்பக் கற்றுக்கொண்டேன் என்று அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் மதிப்பெண் போடாமல் திருப்பித் தந்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "நீங்கள் கற்றது இருக்கட்டும். மூன்றாம் வாரக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள்? அதை மட்டும் எழுதுங்கள்."

உட்கார்ந்தேன். நான் பேசியது முழுக்க நினைவுக்கு வந்தது. மற்ற நால்வர் பேசியதில் இரண்டே வாக்கியம்தான் தேறியது. மீதிப் பக்கம் காலி. அந்த மூன்று வருடப் படிப்பில் எனக்கு மிகவும் உறைத்த இடம் எது என்று கேட்டால் அந்தக் காலிப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பேச்சில் 'தலைமைப் பண்பு' என்கிறோம். அந்தச் சொல்லே விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது: தலைமை என்பது ஓர் ஆளுக்குள் இருக்கும் குணம். ரால்ஃப் ஸ்டாக்டில் என்ற உளவியலாளர் 1948-ல், அதுவரை வந்த 124 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார். சில குணங்கள் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாலேயே அவர் தலைவர் ஆகிவிடுவதில்லை, சூழலும் கூட இருப்பவர்களின் தேவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன என்றார். பண்புகளை ஆராய்வது அத்தோடு முடியவில்லை. 2002-ல் டிமதி ஜட்ஜும் உடன் ஆய்வாளர்களும் பழைய முடிவுகளை மறுபடி தொகுத்தார்கள். கலகலப்பாகப் பழகும் இயல்புக்கும் தலைமைக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் ஒருவர் தலைவராக எழுவதோடு இருந்த தொடர்பு, அவர் நல்ல தலைவராகச் செயல்படுவதோடு இருந்ததைவிட வலுவாக இருந்தது. இதைப் படித்த அன்று அந்த முதல் கூட்டம் கண்முன் வந்து நின்றது. நான் முதலில் பேசினேன், அவ்வளவுதான்.

முதுகலைக்குப் போனவர்களுக்கு இது எப்படி இருந்தது? எழுதுங்கள்.

வேறு துறையிலிருந்து முதுகலைக்கு வந்தவர்:

உங்களுக்குப் படிவம். எங்களுக்கு அமைதி.

முதல் வகுப்பு. ஆசிரியர் உள்ளே வந்தார், வணக்கம் சொன்னார், "தொடங்கலாம்" என்றார், உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. ஐந்து நிமிடம் போனது. சிலர் நோட்டைப் புரட்டினார்கள். ஒருவர் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டார், பதில் இல்லை. நான் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பலகையில் 'இன்று பேச வேண்டியவை' என்று எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பாதிப் பேருக்கு நிம்மதி, பாதிப் பேருக்கு எரிச்சல். இருபது நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பேசினார். நடந்ததை அப்படியே எடுத்து வைத்தார். யார் முதலில் பேசினார், யாருடைய பேச்சு பாதியில் வெட்டுப்பட்டது, எந்த இடத்தில் எல்லோரும் சிரித்து விஷயத்தை நழுவவிட்டோம். கடைசி வரிசையில் ஒரு பெண், "முதலில் எல்லோரும் ஏன் இங்கே வந்தோம் என்று சொல்லலாமே" என்றிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. ஏழு நிமிடம் கழித்து ஓர் ஆண் அதையே சொன்னார், உடனே எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். ஒரு பெண்ணாக இருந்தும் அவர் சொன்னது என் காதில் விழவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வகுப்பில் நடப்பதையே பாடமாக்கும் இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் கற்பித்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ். அவர் மருத்துவம் படித்து மனநல மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். சிக்கல்களை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தெரிந்தவரிடம் கொடுத்தால் தீர்ந்துவிடுபவை ஒரு வகை. சம்பந்தப்பட்ட ஆட்களே தங்கள் பழக்கத்தையும் நம்பிக்கையையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால்தான் தீரும் என்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகைச் சிக்கலுக்கு முதல் வகை மருந்தைக் கொடுப்பதுதான் மேலே இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை என்கிறார். பலகையில் நான் பட்டியல் போட்டது அச்சு அசலாக அதுதான்.

எல்லோருக்கும் இந்த வகுப்பு ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் பாதியிலேயே விலகினார்கள். பக்குவம் இல்லாத ஆசிரியர் கையில் இந்த முறை ஆட்களைக் காயப்படுத்தும். சேருவதற்கு முன்னால், வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பேச நேரம் ஒதுக்குவாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இளங்கலை இறுதி ஆண்டில் இருப்பவர்:

சின்னப் பகிர்வுதான். தலைமைத்துவம் என்றால் நிர்வாகவியல் என்று நினைத்துச் சேர்ந்தேன். முதல் பருவத்தில் தத்துவம், இரண்டாம் பருவத்தில் வரலாறு, அப்புறம் சமூக உளவியல். ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். இந்தத் துறையே அப்படி வளர்ந்ததுதான் என்று பிறகு புரிந்தது. ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் பள்ளி 1992-ல் தலைமைத்துவத்துக்கென்றே இளங்கலை மாணவர்களை எடுக்கத் தொடங்கியபோதும் பல துறைகளைச் சேர்த்துத்தான் பாடம் அமைத்தார்கள். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதிகாரத்தை மரபு, சட்டம், தனி மனித வசீகரம் என்று மூன்றாகப் பிரித்ததை ஒரு நிர்வாகப் பாடத்தில் மட்டும் படித்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

சேர யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தில் ஆய்வு முறை, புள்ளியியல் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சுப் பயிற்சியும் ஊக்க உரையும் மட்டும் இருந்தால் முதுகலைக்குப் போகும்போது திணறுவீர்கள்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: அந்த நால்வரை மறுபடி சந்தித்தீர்களா?

முனைவர் பட்டம் முடித்தவர்:

இளங்கலையில் பர்ன்ஸ், பாஸ் இருவரையும் ஒரே மூச்சில் படித்தேன். உருமாற்றத் தலைமை என்று ஒரு தலைப்பு, நான்கு அம்சங்கள், மனப்பாடம், மதிப்பெண். முனைவர் பட்டத்துக்கு வந்து மூலத்தைப் படித்தபோதுதான் இருவரும் ஒன்றைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் ஓர் அரசியல் வரலாற்றாளர். தலைவரும் பின்வருபவர்களும் ஒருவரை ஒருவர் அறத்தில் உயர்த்துவதைத்தான் 1978-ல் அவர் உருமாற்றத் தலைமை என்று சொன்னார். அவர் கணக்கில் ஹிட்லர் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர், தலைவர் என்ற சொல்லுக்குள் வரமாட்டார். பெர்னார்ட் பாஸ் உளவியலாளர். 1985-ல் அவர் அதை நிறுவனங்களில் அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றியபோது அந்த அற நிபந்தனை பின்னால் போய்விட்டது. 1990-களின் இறுதியில்தான் உண்மையான உருமாற்றத் தலைமை, போலியானது என்று பிரித்து அதை மறுபடி உள்ளே கொண்டுவந்தார். இந்த இருபது வருடக் கதையை இளங்கலையிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

என் ஆய்வுக்கு வருகிறேன். நல்ல தலைவர் இருந்தால் குழுவின் திறன் கூடும் என்று நிறுவுவதாக முன்மொழிவு எழுதினேன். நெறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: "தலைவர் நல்லவர்னு சொல்றது யாரு? குழு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றது யாரு?" இரண்டுக்கும் ஒரே ஆட்கள், ஒரே நாள், ஒரே படிவம். வேலை நன்றாகப் போகிறது என்று நினைக்கிறவர் தலைவரையும் உயர்த்தித்தான் எழுதுவார். ஜேம்ஸ் மைண்டல் முதலானோர் 1985-லேயே இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். ஒரு நிறுவனம் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ போகும்போது நாம் காரணத்தைத் தலைவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். ஆறு மாத வேலையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

படிவத்தை விட்டு நேர்காணலுக்குப் போனேன். மூன்றாவது நேர்காணல் ஒரு மூத்த பணியாளருடன். "உங்கள் குழுவின் தலைவர் யார்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எந்த வேலைக்கு?" என்றார். அட்டவணை போட ஒருவர், சண்டை வந்தால் சமாதானம் பண்ண ஒருவர், மேலிடத்தில் எடுத்துச் சொல்ல இன்னொருவர் என்று வரிசையாகச் சொன்னார். பதவியில் இருந்தவரின் பெயர் நாலாவதாகத்தான் வந்தது, அதையும் மரியாதையோடுதான் சொன்னார்.

தலைமை ஒரே ஆளிடம் இல்லாமல் பலரிடம் பரவி இருப்பதைப் பற்றி பீட்டர் க்ரான், ஜேம்ஸ் ஸ்பில்லேன் போன்ற ஆய்வாளர்கள் பகிர்ந்த தலைமை என்று எழுதியதை நான் ஏற்கெனவே படித்துக் குறிப்பும் எடுத்திருந்தேன். படித்தும் என் கேள்வியில் தலைவர் ஒருமையில்தான் இருந்தார். அன்று மாலை வினாநிரலை எடுத்து முதல் கேள்வியை அடித்துவிட்டு, "கடந்த வாரம் வேலை எங்கேயாவது சிக்கிக்கொண்டதா? அப்போது யார் என்ன செய்தார்கள்?" என்று மாற்றினேன். மீதி நேர்காணல்கள் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன்.

இளங்கலையில் இதையே முதன்மைப் பாடமாகப் படித்தவர்:

உங்கள் புதிய கேள்விக்கும் என் ஆசிரியரின் பென்சில் குறிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இறுதி ஆண்டுத் தம்பியோ தங்கையோ கேட்டதற்குப் பதில்: ஒருவரைச் சந்தித்தேன், பட்டம் வாங்கி மூன்று வருடம் கழித்து. அந்த மூன்றாம் வாரக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முடிவுரை எழுதும் பொறுப்பை அன்றுதான் அவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான்கு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது அவர் எழுதியதில் ஒரு பத்திகூட மிஞ்சவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு நீங்க எழுதினது. அதுக்கப்புறம் நான் எதுவும் அனுப்பல, கவனிச்சீங்களா?" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை. அவர் முதலில் எழுதிய முடிவுரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்து அனுப்பினார். இந்த முறை முழுவதும் படித்தேன்.