புதுப்பிப்பு: பாதியில் நின்ற வெப்மெயில் திறந்துவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் கணினியில் வெப்மெயில் 'லோடிங்' என்று சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

அதைப் படித்து, மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில், அதாவது உலாவி சேமித்த பழைய தரவைப் பயன்படுத்தாத ஜன்னலில், முயலச் சொன்னவருக்கு நன்றி. அதில் சட்டென்று திறந்தது. ஆக, இணைப்பிலோ கடவுச்சொல்லிலோ கோளாறில்லை. உலாவியில் சேர்த்திருந்த நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) ஒவ்வொன்றாக நிறுத்தியும் பலனில்லை. அப்புறம் குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானை அழுத்தி, அந்தத் தளத்தின் குக்கீகளையும் (தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) சேமித்த தரவையும் மட்டும் அழித்தேன். மொத்தமாகத் துடைத்தால் வங்கித் தளம் வரை மறுபடி உள்நுழைய வேண்டும்; அந்த வம்பு எதற்கு? அந்தச் சேமித்த தரவில் தங்கிய தளத்தின் பழைய ஸ்கிரிப்ட் (நிரல்) புதிய பதிப்போடு முட்டியிருக்க வேண்டும். காவடி எடுப்பவர்களின் மெயில்கள் குவிந்து கிடக்கின்றன.

ஆஃப்லைன் வசதி வைத்திருப்பவர்கள், அனுப்பாத மெயில்களை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் தளத்தின் தரவை அழியுங்கள்.