வண்டின் மரபணுத்தொகுதியில் 41% இரட்டை, எப்படிக் குறைப்பது? (அவசரம்)

பசறைவாசி:
வணக்கம். ஒரு வண்டின் மரபணுத்தொகுதியைத் தொகுத்துப் பஸ்கோவில் (ஒற்றை நகலாக இருக்க வேண்டிய மரபணுக்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணும் மென்பொருள்) ஓட்டினேன். முழுமை 96%, அதில் இரட்டையாக வருவது 41%. தவறாக இரட்டித்த துண்டுகளை நீக்கும் பர்ஜ் டூப்ஸ் போட்டும் எண் அசையவில்லை. இவை உண்மையிலேயே இரட்டித்த மரபணுக்களா, மென்பொருளின் கோளாறா? வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

நிரலி:
என்ன வண்டு? ஒரு வண்டா, பலவற்றைச் சேர்த்து அரைத்ததா? டி.என்.ஏ.வை வாசித்தது நீண்ட வாசிப்பா, குட்டை வாசிப்பா? பஸ்கோவில் எந்த மரபணுப் பட்டியல்? இவை தெரியாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது.

தெல்தோட்டை:
இவ்வளவு கேள்வி எதற்கு? இது ஹாப்லோடிக் விவகாரம். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் அதிகம் வேறுபட்டால் மென்பொருள் ஒரே இடத்தை இரண்டாக எழுதிவைக்கும். வாசிப்பு ஆழத்தை (ஓரிடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பதை) பாருங்கள். அப்படி எழுதப்பட்ட துண்டுகளில் ஆழம் பாதியாக இருக்கும். பர்ஜ் டூப்ஸின் வெட்டு எல்லைகளைக் கையால் கொடுங்கள், 41 சரசரவென்று இறங்கும். அந்துப்பூச்சி செய்தபோது எனக்கு இப்படித்தான் வந்தது.

பழைய பேராதனை:
தம்பி, பூச்சியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். இதைப் பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கும் பழக்கம்தான் இல்லை. பீடைநாசினி பட்ட பூச்சிகளில் மரபணு பெருகுவது பழைய செய்தி. பேலியகொடையில் பிடித்த கியூலெக்ஸ் நுளம்புகளில் மருந்தை முறிக்கும் எஸ்தரேசு மரபணுக்கள் பெருகியிருந்தன. பீச் அழுக்கணவனில் (அசுவினிப் பூச்சி) அதே வகை ஈ4 மரபணு 80 நகல்கள் வரை போகிறது. உங்கள் வண்டும் மருந்து தின்று வளர்ந்ததாக இருக்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

நிரலி:
ஐயா, ஈ4 எண்பது நகலானாலும் பெருகியது ஒரு மரபணுதான். பஸ்கோ எண்ணுவது அதையல்ல, பெரும்பாலான உயிர்களில் ஒற்றை நகலாகவே நிற்கும் மரபணுக்களை. அவற்றில் நூற்றுக்கு நாற்பது இரட்டிக்க எந்த மருந்தாலும் முடியாது.

பழைய பேராதனை:
அப்படியானால் முழு மரபணுத்தொகுதியே இரட்டித்திருக்கலாம். ஆறுகால் உயிரிகளின் வரலாற்றில் 18 முறை அப்படி நடந்ததாக 2018இல் வெளிவந்த ஆய்வைப் படித்ததில்லையா?

வண்டாராய்ச்சி:
படித்தோம். 2019இல் வந்த மறுப்பையும் படித்தோம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வரிசையில் மரபணுக்கள் நிறமூர்த்தங்களில் அடுக்கியிருக்கும் முறையைப் பார்த்து, அங்கே அப்படியொரு முழு இரட்டிப்பு நடக்கவில்லை என்று காட்டினார்கள். சரி, பசறைவாசி எங்கே?

பசறைவாசி:
வேலையில் இருந்தேன். தேயிலைத் துளைப்பான். கவ்வாத்து முடிந்த மலையில் கிளைகளைப் பிளந்து குடம்பிகளை எடுத்தேன். ஒன்றில் டி.என்.ஏ. போதவில்லை, சேர்த்து அரைத்தேன். நானோபோர், அதாவது நீண்ட வாசிப்பு. பஸ்கோவில் யூக்கரியோட்டா (கருவுள்ள கலங்களாலான எல்லா உயிர்களுக்குமான) பட்டியல்.

வண்டாராய்ச்சி:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம். தெல்தோட்டை அண்ணா, உங்கள் விளக்கம் இங்கே நிற்காது. இந்த வண்டில் ஆண் ஒருமடியம் (நிறமூர்த்தங்கள் ஒரே பிரதி), பெண் இருமடியம் (இரண்டு பிரதி). ஆண்கள் சிலதான், அவற்றுக்குப் பறக்கவும் முடியாது. பெரும்பாலும் துளைக்குள்ளேயே உடன்பிறப்புகள் கூடிவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் தாய்ப் பிரதிக்கும் தந்தைப் பிரதிக்கும் வேறுபாடு அநேகமாக இருக்காது.

தம்பி, கிளையைப் பிளந்தபோது குடைவின் உட்சுவர் கறுத்து இருந்திருக்குமே? தாய் வண்டு வாயருகே உள்ள பையில் கொண்டுவந்து விதைக்கும் பியூசேரியம் பங்கசு (பூஞ்சை) அங்கேதான் வளர்கிறது. குடம்பி தின்பது மரத்தையல்ல, அதைத்தான். குடம்பியை முழுதாக அரைத்தால் குடலில் உள்ள பங்கசும் சேர்ந்து அரைபடும். யூக்கரியோட்டா பட்டியலில் உள்ள 255 மரபணுக்கள் பங்கசுக்கும் பொது. எனவே வண்டில் ஒன்று, பங்கசில் ஒன்று என்று இரட்டை விழும். பர்ஜ் டூப்ஸ் ஒத்த தொடர்களைத்தான் தேடும். வண்டின் மரபணுவும் பங்கசின் மரபணுவும் எழுத்தளவில் வெகுதூரம், ஆகவே அது கை வைக்காது. எண் அசையாததன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். முழு உருமாற்றப் பூச்சிகளுக்கான எண்டோப்டெரிகோட்டா பட்டியலில் (2,124 மரபணுக்கள்) மறுபடி ஓட்டுங்கள். கலந்த உயிர்களைப் பிரித்துக் காட்டும் ப்ளொப்டூல்ஸில் ஜி.சி. விகிதத்தையும் (டி.என்.ஏ.வில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) ஆழத்தையும் வரைந்து பாருங்கள்.

கவ்வாத்து:
பங்கசுத் துண்டுகளை வீசிவிடாதீர்கள், தனியாக வையுங்கள். பிறகு தேவைப்படும்.

பழைய பேராதனை:
1950களில் டீல்ட்ரின் பீடைநாசினி தெளித்த மலைகளில் இந்த வண்டு கட்டுக்குள் இருந்தது. இன்று ஆராய்ச்சி மட்டும்தான் நடக்கிறது.

கவ்வாத்து:
டீல்ட்ரின் செய்த வேலையை முழுதாகச் சொல்லுங்கள், ஐயா. தேயிலை இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மக்ரோசென்ட்ரஸ் குளவியை அது கொன்றது. புழு திரும்பப் பெருகியது. துளைப்பானுக்கு அடித்த மருந்து இலையைத் தின்னக் கொடுத்தது. கொழுந்து குறைந்து பெயர் விழாத (அன்றைய முழுக் கூலி கிடைக்காத) வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

பழைய பேராதனை:
உணர்ச்சி வேறு, அறிவியல் வேறு.

தெல்தோட்டை:
டீல்ட்ரினுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

பசறைவாசி:
புதிய பட்டியலில் இரட்டை 9%. ப்ளொப் படத்தில் இரண்டு மேகங்கள், தனித்தனியாக. மீதி 9 ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். எல்லோருக்கும் நன்றி.

வண்டாராய்ச்சி:
அந்த 9ஐ உடனே உண்மையான இரட்டிப்பு என்று எழுதிவிடாதீர்கள். துளைப்பான் என்று நாம் சொல்வது ஒரே இனமல்ல. போர்னிகேட்டஸ், போர்னிகேஷியர், பெர்பிரெவிஸ் என்று கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இனக் கூட்டம் அது. வெவ்வேறு கிளைகளின் குடம்பிகள் கலந்திருந்தால் இரண்டு இனங்கள் ஒரே குழாயில் இருக்கலாம். இனத்தை அடையாளம் காட்டும் சி.ஓ.ஐ. மரபணுவில் இரு வகை வருகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை ஒரு குடைவின் பிள்ளைகளை மட்டும் எடுங்கள், முடிந்தால் ஆண் வண்டாக. ஒருமடிய ஆணில் இரண்டு பிரதிக்கு இடமே இல்லை. அங்கும் ஒரு துண்டு இரண்டு இடத்தில் நின்று, இரண்டிலும் ஆழம் முழுதாக இருந்தால் அது உண்மையான இரட்டிப்பு.

நிரலி:
அடுத்தடுத்து நிற்கும் நகல்கள் என்றால், இரண்டும் சேரும் எல்லையை ஒரே நீண்ட வாசிப்பு தாண்டிப் போகிறதா என்றும் பாருங்கள். பழ ஈயின் ‘பார்’ கண்ணுக்கு (பட்டைபோல ஒடுங்கிய கண்) காரணம் அப்படியொரு தொடர் இரட்டிப்புத்தான் என்று பிரிட்ஜஸ் 1936இல் நிறமூர்த்தப் பட்டைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தே சொன்னார். உங்களிடம் நானோபோர் இருக்கிறது. குடம்பிகளைக் கிளைவாரியாக வைத்திருந்தீர்களா, எல்லாம் ஒரே குழாயா?

பழைய பேராதனை:
மாதிரியில் கலப்படம் என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

கவ்வாத்து:
எந்தப் பதிவில், ஐயா?