‘என்ஜாய் எஞ்சாமி’யை எம்டிவி காலத்துப் பட்டியலால் அளக்கலாமா?

காட்பாடி கதிர்:
வேலூரில் விஸ்காம் படிக்கும் என் தங்கைக்கு ஓர் அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டின் வீடியோவில், ஆண்ட்ரூ குட்வின் இசை வீடியோக்களைப் பற்றி 1992இல் எழுதிய புத்தகத்தில் சொல்லும் மரபுகள் எங்கெங்கே வருகின்றன என்று எழுத வேண்டும். படம் பாட்டு வரிக்கு ஒத்துப் போகிறதா, தாளத்துக்கு வெட்டு விழுகிறதா, அந்த இசைவகைக்கு உரிய அடையாளங்கள் உண்டா, பாட்டை விற்கும் கம்பெனி கேட்கும் பாடகர் குளோசப் உண்டா, யார் யாரைப் பார்க்கிறார்கள், வேறு படைப்புகளின் சாயல் தெரிகிறதா. ஆறு கேள்வி, ஆறு டிக், முடிந்தது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 1981இல் எம்டிவி என்ற அமெரிக்க இசைச் சேனல் தொடங்கிய பிறகு, ஆல்பம் விற்க எடுத்த வீடியோக்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. நாம் 1931இல் ‘காளிதாஸ்’ வந்த நாளிலிருந்து பாட்டைக் கண்ணால் பார்க்கிறவர்கள். அறிவு அரக்கோணத்துக்காரர், பழைய வட ஆற்காட்டு மண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளே வீடியோவில் வருகிறார். அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

சட்டகம்:
தம்பி, நான் இதை வகுப்பில் நடத்துகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். டிக் அடிக்கச் சொன்னால் அது ஆசிரியர் செய்த தப்பு, பட்டியலின் தப்பு இல்லை. மரபு என்பது பார்க்கிறவருக்கும் எடுக்கிறவருக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். அது தெரிந்தால்தான் எங்கே மீறியிருக்கிறார்கள் என்று தெரியும்.

நான்காவதாக வரும் குளோசப் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள். சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓடவிடு. ஒவ்வொரு வெட்டுக்கும் யார் முகம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டே போ. பாட்டை விற்கிறவர் யாரை நம்பி விற்கிறார் என்பது அந்தத் தாளில் வந்துவிடும். இந்தப் பாட்டுக்கு அந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். பாட்டு வந்தது 2021 மார்ச்சில். அதே வருடம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. ஏன் அவர் இல்லை என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

காட்பாடி கதிர்:
அண்ணா, நீங்கள் சொல்வது என் பக்கம்தானே பேசுகிறது? வீடியோவில் அறிவு நம் கண்ணைப் பார்த்துத்தான் பாடுகிறார், குளோசப்புக்கும் குறைவில்லை. தாளில் குறித்தால் நியாயமாகத்தான் தெரியும். அநியாயம் நடந்தது அட்டையில். ஃபிரேமுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தால் அது கடைசிவரை கண்ணில் படாது.

கோட்டை வீடியோ:
கல்யாண வீடியோ எடுக்கிறவன், வேலூர். வெளியூர் மரபு, உள்ளூர் மரபு என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஏலகிரிக்கோ கோட்டை அகழிப் பக்கமோ ஜோடியைக் கூட்டிப்போனால், துப்பட்டா மெதுவாகப் பறக்க வேண்டும், ஆனால் உதடு பாட்டோடு சேர வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்கு ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவோம். மாப்பிள்ளை அந்த வேகத்துக்கு வாயசைப்பார், கேமரா நொடிக்கு 48 ஃபிரேமில் ஓடும். அதை 24இல் போட்டால் உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும், துணியும் முடியும் மட்டும் மிதக்கும். மைக்கேல் ஜாக்சன் ஊரா நம்ம ஊரா என்று கேமராவுக்குத் தெரியாது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார், அவ்வளவுதான். இந்த வேலை தெரியாமல் ‘எங்கள் மண்’ என்று மட்டும் பேசினால் பேச்சு பாதியில்தான் நிற்கும்.

ஆரணி கூத்துப்பிரியன்:
கோட்டை சார் சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன். வாயசைப்புதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து. துரியோதனன் வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். முகவீணை என்ற குழலின் இசை ஏற ஏற, உள்ளே இருப்பவர் பாட ஆரம்பிப்பார். கூட்டம் அந்த முகத்துக்காகத் தவித்துப் போகும், அப்புறம்தான் திரை விலகும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ‘யார் நீ’ என்று கேட்பான், அவர் தன் பெருமையைத் தானே பாடிச் சொல்வார். குளோசப்பின் வேலை முழுவதும் அதில் இருக்கிறது. புரிசைப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, முகமும் குரலும் ஒரே ஆள். அதைப் பிரித்து வைத்தது சினிமாவின் பின்னணிப் பாடல். ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்க, அதையே இயல்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்துவிட்டோம். குட்வின் பட்டியலில் ‘பாடுகிறவரே முகம்’ என்பது கேள்வியாகவே இல்லை, ஏனென்றால் அங்கே அது எப்போதும் அப்படித்தான். இங்கே அதுதான் பெரிய செய்தி. அறிவு தன் குரலுக்குத் தானே முகமாக நிற்கிறார், கூடவே தன் பாட்டியையும் நிறுத்துகிறார். கதாநாயகனின் உதட்டுக்குப் பின்னால் போயிருக்க வேண்டிய குரல் இப்படி முன்னால் வந்தது எனக்குப் பெரிய விஷயம். பட்டியல் அதை ஒரு வரியில் ‘நிகழ்த்துக் காட்சி உண்டு’ என்று தாண்டிப்போகும்.

சட்டகம்:
அருமையான இடம். ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, தன் பாட்டுக்குத் தானே முகம் என்பது இங்கே 2021இல் பிறக்கவில்லை. 1997இல் ‘வந்தே மாதரம்’ ஆல்பத்துக்கு பரத்பாலா எடுத்த வீடியோவில் ரகுமானே முகம். 2011 நவம்பரில் ‘கொலவெறி’ வந்தபோது ஸ்டூடியோவில் ஹெட்போனோடு தனுஷ் பாடுவதைத்தான் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு மைக், ஹெட்போன், கண்ணாடி அறை எல்லாம் நம் லிரிக் வீடியோக்களின் மரபாகவே ஆகிவிட்டன. ஆனால் அவர்கள் இருவரும் முன்பே ஊரறிந்த முகங்கள், அறிவின் கதை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது, பட்டியலைப் பக்கத்தில் வைத்ததால்தான் அதில் எது இல்லை என்று உங்களுக்கே தெரிந்தது.

ஆரணி கூத்துப்பிரியன்:
எனக்குத் தெரிந்தது கூத்தைப் பக்கத்தில் வைத்ததால், சார். குட்வினை நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

காட்பாடி கதிர்:
சரி, தங்கையிடம் ஏழாவதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொல்கிறேன்: பாடும் குரலும் தெரியும் முகமும் ஒரே ஆளுடையதா, இல்லையென்றால் யாருக்காகப் பிரித்தார்கள்? மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

சட்டகம்:
குறைக்க மாட்டார்கள். ஆனால் வெறும் கருத்தாக எழுத வேண்டாம் என்று சொல். ஏதாவது ஒரு சினிமாப் பாட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, குளோசப்பில் அசையும் உதடு யாருடையது, கேட்கும் குரல் யாருடையது என்று வெட்டு வெட்டாகக் குறிக்கட்டும். அட்டை விஷயத்தையும் அதே தாளில் கடைசி வரியாகச் சேர்க்கட்டும்.