அம்மாவுக்கு கேப்சூல் டெஸ்ட் (குட்டி கேமரா வெச்ச மாத்திரைய விழுங்கி குடலைப் பார்க்குறது), யாராவது செஞ்சிருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம், அம்மாவுக்கு வயசு 67, ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது, இரும்புச்சத்து மாத்திரை போட்டும் அப்படியேதான் இருக்கு, பாலிகிளினிக்ல லெட்டர் குடுத்து ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பி வாய்வழியா கேமரா விட்டு பார்த்தாச்சு, கீழ இருந்து கேமரா விட்டு பெருங்குடலைப் பார்க்குற கொலோனோஸ்கோப்பியும் பண்ணியாச்சு, ரெண்டுமே நார்மல். நார்மல்னா சந்தோஷப்படணும், ஆனா ரத்தம் எங்க போகுதுன்னு தெரியலையே!

ரிப்போர்ட்ல "டுவோடினம் ரெண்டாம் பகுதி வரை"ன்னு போட்டிருக்கு, டுவோடினம்னா சிறுகுடலோட ஆரம்பப் பகுதி. சிறுகுடல் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளமாம், வாய்வழியா விட்ட கேமரா ஆரம்பத்துல கொஞ்சம்தான் எட்டுமாம், கீழ இருந்து போறதும் கடைசி சில சென்டிமீட்டர்தான், நடுவுல உள்ளது பூரா யாரும் பார்க்கவே இல்ல. அதான் இப்ப கேப்சூல் விழுங்க சொல்றாங்க, சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா பலூன் வெச்ச நீள ஸ்கோப்பாம், கேப்சூல் படம் மட்டும்தான் எடுக்கும், டெஸ்ட் பண்ண சதை எடுக்காது.

இங்க சிங்கப்பூர்ல கேப்சூல் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், மெடிசேவ்ல (மருத்துவச் சேமிப்புக் கணக்குல) எவ்ளோ கழிச்சாங்க, கையில எவ்ளோ கட்டுனீங்க? அம்மா பெரிய மாத்திரையே விழுங்க மாட்டாங்க, பனடோலையே ரெண்டா உடைச்சுதான் குடுக்கணும், இத எப்படி விழுங்க வெச்சீங்க? படத்த பதிவு பண்ற பெல்ட் மாட்டிக்கிட்டு வீட்டுக்கு விட்டாங்களா?