போதகர் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்பது பிழையா?

வட்டுக்கோட்டையில் இருக்கிறோம். அம்மம்மா கிணற்றடியில் விழுந்து, நான்கு மாதமாகக் கட்டிலில். போதகர் வாட்ஸ்அப்பில் ஜெபம் அனுப்புகிறார், வீட்டுப்பக்கம் வரவில்லை. அவருக்கு மூன்று சபைகள், அதுவும் சரிதான். ஆனால் ஞாயிறு பின்னேரம் என்றால் அம்மம்மா கதிரையைத் துடைத்து வைக்கச் சொல்கிறார்.

பதில் 1:
பிழையே இல்லை. வேதாகமத்தில் யாக்கோபு 5:14-இன்படி சபை மூப்பர்களை அழைக்க வேண்டியவரே நோயாளிதான். சொல்லாமல் போதகருக்கு எப்படித் தெரியும்? திருவிருந்தும் (சபையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) வீட்டிலேயே தரச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் 2:
வந்தால் தேத்தண்ணி, பலகாரம் என்று ஓடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அப்பாவோடு கதைக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மம்மாவையும் போதகரையும் தனியே விடுங்கள்.

கேட்டவர்:
அழைத்தேன். வியாழன் வருகிறாராம். அம்மம்மா இப்போதே சேலை தேடுகிறார்.