நேரில் கூடும் வட்டாரக் கூட்டங்கள்: எது தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

வெள்ளவத்தை_06:
இலங்கையின் உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு ஜூனில்தான் திரும்பக் கூடின. கொரோனாவும் 2022 எண்ணெய்த் தட்டுப்பாடும் பழக்கிவிட்ட ஸூம் கூட்டங்கள் மெல்ல மறைந்து, வட்டாரக் கூட்டம், வரவுசெலவு ஆலோசனை எல்லாவற்றுக்கும் “நேரில் வாங்க” என்கிறார்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது, கண் என்று பல தேவைகளோடு போகிறவர்களுக்கு எங்கே சிக்குகிறது என்று அளவோடு எழுதுங்கள். “வசதியே இல்லை” என்று மட்டும் எழுதுவதால் பிரயோசனம் இல்லை.

ஜிந்துப்பிட்டி_பாஸ்:
சாய்தளத்தில் நடக்கிற கூத்தைத்தான் முதலில் சொல்லணும். கணக்கு 1க்கு 12, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். ஒரு படி 15 சென்ரிமீட்டர் என்றால் மூன்று படிக்கு 45. அப்போ சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வரணும். வாசலில் அவ்வளவு இடம் இல்லை என்று ஒன்றரை மீட்டருக்குள் கொங்கிரீட்டைக் கொட்டி முடிச்சிடுறாங்க. அது கிட்டத்தட்ட 17 பாகை. தள்ளி ஏத்த ரெண்டு பேர் வேணும். இறக்கும்போது முகம் பார்த்து இறக்கினா ஆள் முன்னால விழுந்திடுவார், நாற்காலியைத் திருப்பி முதுகுப் பக்கமா இறக்கணும்.

இடம் இல்லாட்டி சுவரோட ஒட்டி மடக்கிக் கொண்டுபோகலாம். திருப்பத்தில் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமதளம் விடுங்க. திறந்த ஓரத்தில் 10 சென்ரிமீட்டர் கட்டு வைங்க, இல்லாட்டி முன்சக்கரம் வெளியே போயிடும். மினுங்குற டைல் வேண்டவே வேண்டாம். கொழும்பு மழையில் ஈரச் செருப்போட நாலு பேர் ஏறினாலே போதும், வழுக்கும். சீமெந்து இறுகுறதுக்கு முன்னால தும்புத்தடியைக் குறுக்கா இழுத்து விட்டா வரிவரியா பிடிமானம் வரும். காசு செலவில்லாத வேலை, ஆனா யாரும் செய்யிறதில்லை.

அடுத்தது கதவு. ரெட்டைக் கதவில் ஒரு பக்கத்தை எப்பவும் தாழ்ப்பாள் போட்டு வச்சிருப்பாங்க. மீதி இடைவெளி 65 சென்ரிமீட்டர் வந்தா பெரிய விஷயம். நாற்காலியின் வெளி அகலமே அவ்வளவு வரும், விரல் முட்டி வேற கதவுநிலையில் உரசும். 80 வேணும். மேல் தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருந்தா கூட்டத்துக்கு முதல் நாளே எண்ணெய் போட்டு இறக்கி வைக்கச் சொல்லுங்க, மக்கள் வந்து நிறைஞ்ச பிறகு யாரும் ஏணி தேட மாட்டாங்க.

தெமட்டகொடை_ஓட்டோ:
பஸ்ஸின் படி உயரம் தெரிந்ததே. ஓட்டோவில் ஆளை ஏற்றலாம், நாற்காலியைத்தான் ஏற்ற முடியாது. பின்சக்கரம் 24 அங்குலம், மடித்தாலும் பயணியின் காலுக்கு முன்னால் நிற்காது. இன்னொரு ஓட்டோ பிடிக்கணும், அல்லது வேன். ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் போய்வர இரட்டைச் செலவு. கூட்டம் வைக்கிறவர்கள் வேன் வாசல்வரை வர இடம் விட்டால் பாதிப் பிரச்சினை போகும். அந்த இடத்தில்தான் எப்போதும் உறுப்பினர்களின் வாகனம் நிற்கும்.

கேள்_கொட்டாஞ்சேனை:
காது கேட்காதவருக்கு முதல் எதிரி கூரை மின்விசிறி. ஹியரிங் எய்ட் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே கூட்டும். முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத, பேசுபவரின் வாய் தெரியும் இருக்கையை ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ரொய்டில் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ இலவசம், தமிழும் எழுதும். போனை மடியில் வைத்தால் குப்பைதான் வரும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். டேட்டா, பவர்பேங்க் இரண்டும் தேவை. சபையில் ஒருவர் சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்குத் தாவினால் மொழியைக் கையால் மாற்றவேண்டும், அதற்குள் இரண்டு வசனம் போய்விடும். சைகைமொழிப் பெயர்ப்பாளர் ஒருவர் மட்டும் போதாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற இருவர் வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் பின்வெளிச்சத்தில் கையும் முகமும் கறுத்துப் போகும்.

நிகழ்ச்சிநிரல்:
கண்பார்வை இல்லாதவர்களுக்கு மண்டபத்தைவிடப் பெரிய தலைவலி தாள். நிகழ்ச்சிநிரல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி வந்தால், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் ‘அம்மா’ என்ற சொல்லை “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்” என்று வாசிக்கும். கண்ணுக்கு அழகான தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. இலவச மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோட் ஆக்கலாம். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் என்றால் அதுவும் நடக்காது, கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறந்து எழுத்தாக்க வேண்டும், முத்திரை விழுந்த இடமெல்லாம் பிழைக்கும். “யூனிகோடில் தட்டச்சான வேர்ட் கோப்பு, மூன்று நாள் முன்னதாக மின்னஞ்சலில்” என்று கேளுங்கள். “டிஜிட்டல் பிரதி” என்று கேட்டால் போட்டோதான் வரும்.

வெள்ளவத்தை_06:
நன்றி பாஸ் அண்ணன். கழிப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஜிந்துப்பிட்டி_பாஸ்:
அதைக் கட்டுறாங்க, பிறகு பூட்டி வைக்கிறாங்க. உள்ள தும்புத்தடியும் பெயின்ட் வாளியும். திறப்பு யார்கிட்ட என்று போனிலேயே கேட்டு வைங்க. கதவு உள்பக்கம் திறக்குதா என்றும் கேளுங்க. நாற்காலி உள்ள போனா சாத்த முடியாது.

மனு_எழுதுபவர்:
போனில் கேட்டதை எழுத்திலும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அதன் கீழ் வந்த 2006 அணுகல்வசதி ஒழுங்குவிதிகள், அந்த விதிகளைப் பின்பற்றவேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தந்த கட்டளை, மூன்றையும் ஒரே பந்தியில் சொன்னால் போதும். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்ததையும் சேர்க்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், மாநகர ஆணையாளருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று, பதிவுத் தபாலில்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேள்வி குறுகலாக இருக்கவேண்டும்: “இந்த மண்டபத்துச் சாய்தளத்தின் நீளம், உயரம், மதிப்பீட்டுத் தொகை, வேலையைப் பொறுப்பேற்ற திகதி.” 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். “ஏன் வசதி செய்யவில்லை?” என்று கேட்டால் அது முறைப்பாடு, தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

இணைய வழியையும் மூடவேண்டாம் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் தொலைவழிச் சபைக் கூட்டத்துக்கான கொரோனாக் கால அனுமதி 2021 மே 7 உடன் முடிந்தபோது, வீட்டிலிருந்து கலந்துகொண்ட உறுப்பினர்களே திண்டாடினார்கள். ஆனால் “ஸூம் இருக்கே, சாய்தளம் எதற்கு” என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள், இரண்டும் வேண்டும்.

கேள்_கொட்டாஞ்சேனை:
இணைய வழிக்கு ஒரு குறிப்பு. மடிக்கணினியின் மைக்கை நம்பாதீர்கள், மண்டபத்து எதிரொலிதான் கேட்கும். ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து ஒரு வயர் நேராக மடிக்கணினிக்கு வரட்டும். அப்படி வந்தாலும், மைக் இல்லாமல் எழுந்து கத்துகிறவரின் குரல் வீட்டில் இருப்பவருக்குப் போகாது. கையில் மைக் வரும்வரை யாரும் பேசக்கூடாது என்று தவிசாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடவேண்டும்.