பதில்: லிஃப்ட் தி ஃப்ளாப் புத்தகம் – மடலா, கதவா, மடிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

லிஃப்ட் தி ஃப்ளாப் புத்தகத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிற இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குடியிருப்பு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் வாசிக்கிறவள் நான். பக்கத்தில் ஒட்டியிருக்கிற துண்டைத் தூக்கினால் அடியில் ஒளிந்திருக்கும் படம் தெரிகிற இந்த வகைப் புத்தகம் பதிவேட்டில் 14 இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எதிரே ‘தூக்கிப் பார்ப்பது’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதை அழித்துவிட்டுப் பேனாவால் எழுத ஒரு சொல் கிடைத்தால் போதும்.

> தூக்குமடிப்பு நூல் என்று வைத்தால் ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்துகிறதே?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்படியே பொருந்துவதுதான் எனக்கு இடிக்கிறது. தூக்கு என்று தொடங்கினால் தூக்குச்சட்டி நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் தூக்குத் தண்டனை. அப்புறம் மடிப்பு என்பது தாளிலோ துணியிலோ விழுகிற கோடு, வேட்டி மடிப்பு, சட்டை மடிப்பு என்கிறோமே அதுதான். நாம் பெயர் தேடுவது அந்தக் கோட்டுக்கு இல்லை, கோட்டில் தொங்கிக்கொண்டு எதையோ மறைத்து நிற்கிற துண்டுக்கு.

> மடல்? காது மடல், தாழை மடல் இருக்கிறதே.

அக்கா, இதைப் படித்த அன்று வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு மடலை நிமிர்த்தினால் அடியில் சீப்புப் போல வரிசையாகப் பூ, அந்தப் பூவை எடுத்ததும் அடுத்த மடல், அதற்கு அடியில் இன்னும் சின்னதாக இன்னொரு வரிசை. கள்ளனைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை கறுத்ததுதான் மிச்சம், ஆனால் துண்டுக்குப் பெயர் மடல்தான் என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் போய்விட்டது.

தொல்லை என்னவென்றால் மடல் என்றால் கடிதமும்தான். மின்னஞ்சலில் பேசிக்கொள்கிற நாமே மடற்குழு. ‘மடல் நூல்’ என்று அலமாரியில் ஒட்டினால் கடித இலக்கியம் தேடுகிறவர்தான் வந்து நிற்பார். சரி, முன்னால் ஒரு வினையைச் சேர்ப்போம் என்று ‘திறமடல்’ எழுதிப் பார்த்தேன், எழுத்தில் அழகாகவே இருந்தது. வாய்விட்டுச் சொன்னதும் முதலமைச்சருக்கு யாரோ எழுதுகிற திறந்த மடல் மாதிரி கேட்டது. விட்டுவிட்டேன்.

‘கதவுப் புத்தகம்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார், பிள்ளைகளே அப்படித்தான் சொல்கிறார்களாம். எங்கள் இடத்திலும் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் இந்தத் துண்டு எப்போதும் கதவாக இருப்பதில்லை. போர்வையாக இருக்கும், கூடையின் மூடியாக இருக்கும், யானையின் காதாகக்கூட இருக்கும். யானைக் காதைக் கதவு என்று பதிவேட்டில் எழுத எனக்குக் கை வராது.

இப்போது நான் சொல்ல வந்தது. ஆங்கிலப் பெயர் கையின் வேலையை வைத்து வந்த பெயர். அதையே நாமும் பிடித்துக்கொண்டு தூக்கு, திற, விரி என்று வினை தேடிக்கொண்டிருக்கிறோம். குழந்தைக்கு அந்தப் பக்கத்தில் நடப்பது முதலில் திறப்பு இல்லை, மறைப்பு.

போன மாதம் நடந்தது. பத்து மாதப் பிள்ளை, பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கிறது. விரித்த புத்தகத்தில் ஒரு பெட்டிப் படம், பெட்டி மேல் மடல், உள்ளே பூனை. நான் முதல் தடவை திறந்து காட்டிவிட்டு மூடினேன். “பூனை எங்கே?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். (இந்தச் சும்மா இருப்பதுதான் பெற்றோருக்கு வரவே மாட்டேன் என்கிறது, கேட்ட கையோடு அவர்களே திறந்துவிடுகிறார்கள்.) பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, மடலைப் பார்த்தது, எச்சில் கையால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டியது. அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைத் தேடிப் போயின. திறந்ததும் சிரிப்பு. உடனே தானே உள்ளங்கையால் அமுக்கி மூடியது, மறுபடி திறந்தது. பூனையைப் பார்த்த நேரத்தைவிட மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்னது இதைத்தான். பொம்மை மேல் துணியைப் போட்டால் சின்னக் குழந்தை தேடாமல் விட்டுவிடும், எட்டு மாத வாக்கில்தான் துணியை விலக்கித் தேடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் அங்கேயே இருக்கிறது என்பது அதற்கும் முன்பே குழந்தைக்குத் தெரியும் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள், அது வேறு கதை. அந்தத் துணிதான் நம் மடல். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று பெயர், இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுகிற பருவம். அந்தக் கை தட்டுவதோடு நிற்காமல் ஓரத்தைக் கிள்ளிப் பிடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதற்கு முன்னால் புத்தகம் நேராக வாய்க்குப் போகும், மடலைப் பெரியவர்தான் திறக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு மேல் திறப்பதற்கு முன்பே “பூனை!” என்று கத்திவிடுகிறார்கள், தெரிந்த பூனைக்காகவே திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: மூடுமடல். புத்தகத்துக்கு மூடுமடல் புத்தகம். மூடுபனி, மூடுபல்லக்கு போல இதுவும் வினைத்தொகை, ஒற்று மிகாது. மூடுபல்லக்கிலும் திரையை விலக்கினால்தான் ஆள் தெரியும். மூடுமந்திரம் என்ற சொல்லில் இருக்கிற ரகசியமும் கொஞ்சம் வந்து ஒட்டிக்கொள்கிறது, ஒட்டட்டும். மேலே தூக்கினாலும் பக்கவாட்டில் திறந்தாலும் கீழே இறக்கினாலும் ஒரே பெயர் போதும். இது ஒட்டிய கடிதம் மாதிரி இல்லையா என்று யாராவது கேட்பீர்கள், ஆனால் தபாலில் வந்த எதையும் நாம் மூடுமடல் என்று சொன்னதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த உத்தி குழந்தைகளுக்காகப் பிறந்ததில்லை. மருத்துவர் வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூற்றியல் சுருக்கத்தில் உறுப்புப் படங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தூக்கித் தூக்கிப் பார்க்கும்படி தாள்கள் இருந்தன. லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர் 1765 வாக்கில்தான் பிள்ளைகளுக்கென்று மேலும் கீழும் புரட்டுகிற மடல்களோடு அச்சிட்டு விற்கத் தொடங்கினார். நம் காலத்தில் இதைப் பரப்பியவர் ஆங்கிலேய ஓவியர் எரிக் ஹில், விளம்பரத் தாள் ஒன்றில் இருந்த மடலைத் தன் சின்னப் பையன் விடாமல் திறந்து பார்த்ததைக் கவனித்து ஒரு நாய்க்குட்டிப் புத்தகம் செய்தார், 1980இல் வந்தது. மூடுமடல் என்றால் மருத்துவப் படத்துக்கும் நாய்க்குட்டிக்கும் சேர்த்தே சொல்லலாம், கண்ணாமூச்சிப் புத்தகம் என்று வைத்தால் ஈரலையும் குடலையும் என்ன செய்வது?

> போர்டு புக் = கெட்டி அட்டைப் புத்தகம்

உள்தாளும் கெட்டியாக இருக்கிற போர்டு புக்குக்கு இந்தப் பெயர் வேண்டாம். பதிப்பகங்கள் கெட்டி அட்டை என்று விலைப்பட்டியலில் போடுவது வேறொன்றை, வெளியட்டை மட்டும் கெட்டியாக இருப்பதை. அட்டைப்பக்கம் என்றால் முகப்பு. ‘அட்டைத்தாள் புத்தகம்’ என்றால் உள்தாளே அட்டை என்பது தெரிந்துவிடும். இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிறு காலை பேனாவை எடுத்துவிடுவேன். சில புத்தகங்களில் இழுத்தால் நகர்கிற அட்டை நாக்குக்கு என்ன பெயர் என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இங்கே சேர்த்தால் குழம்பும்.

பி.கு. கிழிந்த மடலைச் செல்லோடேப்பால் ஒட்டலாமா என்று கேட்டிருந்தவருக்கு: ஒட்டாதீர்கள், இரண்டு வாரத்தில் ஓரம் பிரிந்து வாய்க்குள் போகும். மெல்லிய பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்து, பைண்டிங் கடையில் செய்வது போல மைதாப் பசை காய்ச்சி, மடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு ராத்திரி அம்மிக் குழவியைப் பாரமாக வையுங்கள். எங்கள் 14இல் ஒன்பது அப்படி ஒட்டியவைதான்.